கலியாணக் காரின் இடப்பக்கப் பட்டி: நல்லூரிலிருந்து சந்நிதிக்கு இரண்டு சிறு பிள்ளைகளுடன்

நல்லூரிலிருந்து தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. காலையில் போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். யாழ்ப்பாணத்தில் இதைப் பயணம் என்றால் சிரிப்பார்கள். ஆனால் போவதற்கு முதல் நாள் முழுவதையும் நான் ஒரு காரின் பின் இருக்கையில் முழங்காலில் நின்று கழித்தேன். சிறு பிள்ளைகளுடன் வெளிநாட்டிலிருந்து வந்து, வீட்டில் நிற்கும் பழைய காரில் ஓடித்திரியலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த நாள் உதவக்கூடும். அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் விடுமுறையில் அக்காவின் மகள் மீரா லண்டனிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் வந்திருந்தாள். மூத்தவன் கவினுக்கு நான்கு வயது. சின்னவள் தாராவுக்குப் பத்து மாதம். தாரா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். அந்த வாரங்களில் அக்கா நல்லூரில் இருந்தபடி நேர்த்தி வைத்தாள்: பிள்ளை தப்பினால் முதல் முடி சந்நிதியில் இறக்குவது. பிள்ளை தப்பியது. நேர்த்திகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் லண்டன் ஆஸ்பத்திரித் தாதிமார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அக்காவுக்கு அப்போது செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை என்பதும் தெரியும். நான் கொழும்பிலிருந்து காலை ரயிலில் போய்ச் சேர்ந்தபோது, எதில் போவது என்ற சண்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

மீரா பிள்ளைகளின் கார் இருக்கைகள் இரண்டையும் விமானத்தில் கொண்டு வந்திருந்தாள். கவினுடையது, முதுகுப்பலகை வைத்து ஆளை உயர்த்திவிடும் வகை. பெரியவர்களின் ஆசனப்பட்டியே அவனையும் பிடித்துக்கொள்ளும். தாராவுடையது, கைபிடி வைத்த சிறு தொட்டில் போன்றது. அதைக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி வைத்துப் பட்டியால் சுற்றிக் கட்டவேண்டும். அரை நாளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்ட வாடகை வான் வண்டியில் பின் இருக்கைகளுக்குப் பட்டியே இல்லை. புதிய வாடகைக் கார் எடுக்கலாம் என்று மீரா சொன்னதும் அத்தான், அதாவது அவளுடைய அப்பா, கோபித்துக்கொண்டார்.

“வீட்டிலை இப்பிடியொரு கார் நிக்க, என்ரை பேத்தி வாடகைக் காரிலை போறதோ?”

அத்தானின் கார் எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனியில் செய்தது. வெள்ளை நிறம், தோல் இருக்கை, முகப்பில் மினுக்கிய மரப்பலகை. கலியாணங்களுக்கு விடுவார், சாரதியும் அவர்தான்.

“பெல்ற் இருக்கோ அப்பா?”

“எல்லாச் சீற்றுக்கும் இருக்கு. முப்பது வருசமா ஓடுறன், ஒரு கீறல் காட்டு பாப்பம். நான் கொண்டுபோய் மோதிப்போடுவன் எண்டு நினைக்கிறியோ?”

“நீங்கள் மோதமாட்டியள். மற்றவன் வந்து மோதுவான்.”

அக்கா தன் வழியைச் சொன்னாள். “நான் முன்னுக்கு இருந்து மடியிலை வைச்சிருப்பன். உன்னையும் அப்பிடித்தானே கொண்டு திரிஞ்சனாங்கள். நீ செத்தே போனனீ?”

மீரா சத்தம் போடவில்லை. இரண்டு இருக்கைகளும் ஒழுங்காகப் பூட்டுப்பட்டால் போவது, இல்லாவிட்டால் பிள்ளைகள் வாசல் படலை தாண்டுவதில்லை என்றாள். “அப்ப நேர்த்தி?” என்று கேட்டாள் அக்கா. “முருகன் எங்கையும் போகமாட்டார் அம்மா” என்றாள் மகள். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். அவர்கள் லண்டனுக்குத் திரும்ப நாலு நாள்தான் இருந்தது.

ஆக, இருக்கை பூட்டும் வேலை என்னிடம் வந்தது. மீராவின் கையில் பிள்ளை. அத்தானின் கையில் கோபம். அறிவுறுத்தல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கக்கூடிய ஆள் வீட்டில் நான் மட்டும்தான்.

முதல் சிக்கல், பின் இருக்கையில் பட்டியின் பூட்டுகளைக் காணவில்லை. முழு இருக்கைக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. “கீழை தள்ளி விட்டிருக்கு. இருக்கிற பொம்பிளையளுக்குக் குத்தும்” என்றார் அத்தான். உறையைக் கழற்றி, இருக்கையின் முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கினோம். கீழே பூட்டுகள் கிடந்தன. கூடவே கொண்டை ஊசிகள், காய்ந்த மல்லிகைக் காம்புகள், உடைந்த கண்ணாடி வளையல், ஒரு வெள்ளி மெட்டி.

அத்தான் மெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது அளவெட்டிக் கலியாணம். அண்டைக்கு முழுக்கத் தேடினவை. பொம்பிளையின்ரை தாய் இண்டைக்கும் என்னோடை கதைக்கிறேல்லை.”

வலப்பக்கம், சாரதிக்குப் பின்னால், கவினின் இருக்கை எந்தக் கரைச்சலும் இல்லாமல் பொருந்தியது. பட்டி தோளின் நடுவாகப் போகிறதா, இடுப்பில் தாழ்ந்து படிகிறதா என்று அவனை இருத்திப் பார்த்தோம். அவன் இறங்க மறுத்துவிட்டான்.

இடப்பக்கம்தான் தாராவுக்கு என்று நினைத்திருந்தோம். பட்டி தொட்டிலின் மேலால் போய், பின்புறம் சுற்றி வந்து பூட்டவேண்டும். ஒரு சாண் போதவில்லை. பழைய கார்களில் பட்டி கட்டையாக இருக்கும் என்று புத்தகத்திலும் எச்சரிக்கை இருந்தது. அப்படித்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் வலப்பக்கப் பட்டி இதைவிட நீளம். ஒரே காரில் இரண்டு நீளம் ஏன்? பட்டியைக் கையால் தடவிக்கொண்டே கீழே போனேன். தரையோடு பொருத்தியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வழமையாக உறை மூடியிருக்கும் பகுதியில், விரலில் ஒரு தடிப்புத் தட்டுப்பட்டது. பட்டியை வெட்டி, மடித்து, தடித்த வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள்.

“அத்தான், இது என்ன?”

அவர் மெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டார். “அது நெல்லியடிக் கலியாணம்” என்றார் பிறகு. “பெல்ற்றை உள்ளுக்கு இழுக்கிற சுருள் தளந்து, பெல்ற் தொங்கிக்கொண்டு கிடந்தது. பொம்பிளை இறங்கேக்கை கூறைச்சேலை அதிலை கொளுவி, மாப்பிள்ளை வீட்டு வாசல்லையே விழப்பாத்தவ. சகுனம் பிழைச்சுப் போச்செண்டு அவையள் ஒரே சத்தம். அடுத்த நாளே சீற் தைக்கிற குஷன் கடையிலை குடுத்துக் கட்டையாக்கினனான். பலமான நூல்.”

நம் ஊரில் பொம்பிளை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்தான் இருப்பாள். அதனால்தான் இடப்பக்கப் பட்டி மட்டும் வெட்டுப்பட்டது.

“அதுக்குப் பிறகு இதிலை எத்தினை பொம்பிளையள் இருந்திருப்பினம் அப்பா?” என்று கேட்டாள் மீரா.

“ஆர் பெல்ற் போட்டவை?” என்றார் அத்தான்.

அந்தத் தையல் தாங்குமா, அறுமா என்று எனக்குத் தெரியாது. முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க ஒரேயொரு வழிதான் உண்டு. அதை ஒரு பிள்ளையை வைத்துச் செய்ய முடியாது. எனவே இடப்பக்கம் இல்லை என்று முடிவாயிற்று. நடுவில் இடுப்புப் பட்டி மட்டும்தான். தொட்டிலுக்கு அது காணாது. வலப்பக்கம் கவினுக்கு வேண்டும். மிச்சம் இருந்தது முன் இருக்கை. பின்னோக்கி வைக்கும் இருக்கையைக் காற்றுப்பை உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. விபத்தில் பை விரியும்போது அது பிள்ளையின் தலையில்தான் அடிக்கும். இந்தக் கார் அதற்கு முந்தைய காலத்தது. முகப்புப் பலகையைத் தடவியும் காரோடு வந்த கைநூலைப் புரட்டியும் காற்றுப்பை இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன். முன் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, தோல் வழுக்காமல் தொட்டிலை அழுத்திப் பிடித்து, பட்டியைச் சுற்றி இழுத்தேன். எட்டியது. பட்டி போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் காரும் சேர்ந்து ஆடியது. அதுதான் வேண்டியது.

“அப்ப நான் எங்கை இருக்கிறது?” என்றாள் அக்கா. முன் இருக்கை முப்பது வருடமாக அவளுடையது. “பத்து மாசக் குஞ்சு வந்து என்ரை இடத்தைப் பிடிச்சிட்டுது.”

“பின்னுக்கு இடப்பக்கம் இரன். நீ என்ன குழந்தையே?” என்றார் அத்தான்.

“அம்மாவும் ஆள்தானே அப்பா” என்றாள் மீரா.

அக்கா அந்தத் தையலைக் குனிந்து பார்த்தாள். “நான் தங்கச்சியோடை பஸ்ஸிலை வாறன்” என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டுக் கார் புறப்பட்டது. முன்னால் அத்தானும் தாராவும். பின்னால் கவின், நடுவில் இடுப்புப் பட்டியுடன் மீரா. இடப்பக்கம் பிள்ளைகளின் பால் போத்தல் பை. நானும் அக்காவும் பருத்தித்துறை வீதிக்கு நடந்து போய், அச்சுவேலி வழியாகப் போகும் மினிபஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கு நூற்றிருபது ரூபாய்.

பஸ்ஸில் பட்டியே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அக்காவிடம் கேட்டேன். கோப்பாய் தாண்டும்வரை அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் தெரியும். ஆனா நான் அதிலை போய் இருந்தனெண்டால், உன்ரை அத்தான் உந்தப் பெல்ற்றை ஒருநாளும் மாத்தமாட்டார்.”

நீர்வேலியில் செம்மண்ணும் வாழைத்தோட்டங்களும். புத்தூர் கழிந்து அச்சுவேலிச் சந்தையடியில் பஸ் நெடுநேரம் நின்று ஆள் சேர்த்தது. அதற்கப்பால் வீடுகள் குறைந்து வெட்டவெளி வருகிறது, உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது, நீரேரி தெரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கார் முக்கால் மணியில் வந்துவிட்டிருந்தது.

வழியில் எதுவுமே நடக்கவில்லை. மாடு குறுக்கே வரவில்லை. சடுதியாகப் பிரேக் பிடிக்கவும் நேரவில்லை. “பாத்தியளே, ஒண்டும் நடக்கேல்லை” என்றார் அத்தான். அவர் சொன்னது சரி. இந்த இருக்கைகளில் உள்ள கரைச்சலே அதுதான்: ஒன்றும் நடக்காத நாட்களில் அவை தேவையில்லாதவை போலவே இருக்கின்றன. மடியில் வைத்துக் கொண்டுபோன பிள்ளைகளும் பெரும்பாலும் பத்திரமாகத்தான் போய்ச் சேருகிறார்கள். அத்தானுக்கு அது ஒரு கட்சிக்குச் சாட்சி. மீராவுக்கு, அந்தப் ‘பெரும்பாலும்’ மறு கட்சிக்கு. நான் வாதாடவில்லை.

தாரா முடி இறக்கும்போது கத்தினாள். சந்தனம் பூசியதும் அடங்கினாள். அக்கா அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றாள். மத்தியானம் மடத்தில் சோறும் சாம்பாரும். அங்கே சாப்பாட்டுக்குக் காசு கேட்கமாட்டார்கள்; விரும்பியதைக் கொடுக்கலாம்.

புறப்படும் நேரத்தில்தான் அது நடந்தது. நானும் அக்காவும் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்க, தொண்டைமானாற்றில் இருக்கும் அத்தானின் உறவினர் ஒருவர், அவருக்கு மச்சான் முறை, கச்சான்கடலை விற்கும் கடையடியிலிருந்து கூப்பிட்டார்.

“என்னடாப்பா, கலியாணக் கார் வைச்சிருக்கிறாய், பெஞ்சாதியை பஸ்ஸுக்குத் துரத்திறாய்? கொழுவலோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். “பின்னுக்கு ஒரு சீற் சும்மா கிடக்குதே! ஏத்தடா மனிசியை.”

அத்தானின் கை கதவில் இருந்தது. அவளுக்குப் பஸ்தான் விருப்பம் என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். ஊருக்கு முன்னால் எளிதான பதில் அதுதான்.

“அந்தச் சீற்றிலை ஆக்களை ஏத்தேலாது” என்றார். “பெல்ற்றை வெட்டிப்போட்டுக் கிடக்கு.”

“ஆர் வெட்டினது?”

“நான்தான்.”

“ஏனடா?”

“எனக்குப் பிடிச்ச விசர்” என்றார் அத்தான். ஏறி, கதவைச் சாத்தி, தன் பட்டியைப் போட்டுக்கொண்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடந்தாள். அவள் வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள்.

அன்று மாலை அத்தான், வரும் ஞாயிற்றுக்கிழமைக் கலியாண வீட்டாருக்குத் தொலைபேசி எடுத்து, கார் வராது என்று சொன்னார். அவர்கள் கத்துவது விறாந்தைவரை கேட்டது. முழுப் பட்டியையும் மாற்ற, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் சொல்லி வைத்திருக்கிறோம். நான்தான் தேடிப் பிடித்து அனுப்பவேண்டும்.

பழைய காரில் பிள்ளைகளைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: உங்கள் இருக்கை வெறும் பட்டியால் கட்டக்கூடியதா என்று புறப்படும் முன்பே பாருங்கள்; புதிய இருக்கைகள் சிலவற்றுக்குக் காரிலேயே இரும்புக் கொளுக்கி வேண்டும், பழைய கார்களில் அது இருக்காது. அறிவுறுத்தல் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். இருக்கை உறைகளைக் கழற்றிவிடுங்கள். பூட்டும் வேலைக்கு முழு நாள் ஒன்றை ஒதுக்குங்கள். காலையில் புறப்படும் அவசரத்தில் செய்யாதீர்கள். காற்றுப்பை இல்லை என்று நூறு வீதம் தெரியாவிட்டால் பின்னோக்கும் இருக்கையை முன்னால் வைக்காதீர்கள்.

பட்டியை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, இருக்கையைத் தூக்கி, கையால் தடவிப் பாருங்கள். காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பார். அநேகமாக உங்கள் சொந்தக்காரராகவும் இருப்பார். நீங்கள் பட்டியில் கை வைத்ததும் அவருடைய முகம் மாறும். கையை எடுக்காதீர்கள்.