நான்கு முறை கழுவிய சிலிண்டர்

என் காரின் என்ஜின் பிளாக்கை இனிக் கடைய முடியாது. சிலிண்டர்த் துளைகளைக் கடைசி அளவுவரை ஏற்கெனவே பெருப்பித்தாகிவிட்டது. சிலிண்டருக்குள் கொஞ்சம் தூள் நின்று சுவரைக் கீறினாலும் பிளாக் பழைய இரும்புக்குத்தான். பிறகு எங்கள் ஊர் உருத்திரபுரத்திலிருந்து மனைவியை மாதாமாதம் பஸ்ஸில் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் இடுப்பு வலிக்காரர். பஸ் படியில் காலே வைக்கமாட்டார்.

ஆகவே வவுனியாவில் ஒரு கராஜில், வேலை முடியும்வரை கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். அரசாங்க வேலைத்தளத்தில் என்ஜின்களைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டே ஓய்வு பெற்றவன் நான். கராஜ்காரர் என்னைவிடப் பத்து வயது குறைந்த முஸ்லிம் மனிதர்; வயது குறைந்தாலும் வழக்கப்படி 'நானா', அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டேன். அவரும் என்னைப் பொறுத்துக்கொண்டார்.

சுழலும் சாணைக்கல்லை ஒரே வேகத்தில் மேலும் கீழும் இழுத்து, சிலிண்டர்ச் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டார். எண்ணெய் தங்குவது அந்தக் கீறல்களில்தான். கோணத்தில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை.

"கழுவுறது பெற்றோலிலையோ, நானா?"

"சவர்க்காரமும் சுடுதண்ணியும், சேர். பெற்றோல் கல்லுத்தூளைக் கீறலுக்கை விட்டிடும்."

நான் சொல்லவிருந்ததை அவரே சொன்னது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கழுவி, எண்ணெய் தடவினார். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரவேண்டும் என்பது விதி. டோர்ச் அடித்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் குனிந்து பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த என் வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். சாம்பல் நிறம்.

"கழுவேல்லை."

"கழுவினனான், சேர்."

"லேஞ்சி வேறை கதை சொல்லுது."

மறுபடி கழுவினார். மறுபடி குனிந்தேன். சாம்பல். மூன்றாம் முறையும் அப்படியே. அவர் திரும்பவும் சுடுதண்ணீர் வைக்கப் போனதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

நான்காம் முறை குனியப் போனேன். அவர் பிளாக்குக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினார்.

"குறை நினைக்கப்படாது, சேர். அங்கை நிண்டு லேஞ்சியைத் தாங்கோ."

லேஞ்சியின் அழுக்குப்படாத மூலையால் துடைத்தார். துணி வெள்ளையாக வந்தது.

"இதெப்பிடி?"

என்னைப் பார்க்காமல் பிளாக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நெத்தி வேர்க்குது, சேர். குனியேக்கை விழுது."

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் நெற்றி நிறையப் பூசிய திருநீற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று கோட்டில் ஒன்றரைதான் மிச்சம்.

"எப்ப கண்டனீங்கள்?"

"முதல் தரமே."

"பிறகேன் மூண்டு தரம் கழுவினனீங்கள்?"

"உங்கட சாமி விசயம். அழியுங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? சுடுதண்ணி வைக்கிறது லேசு."

கதிரையில் இருந்துவிட்டேன். வேலைத்தளத்துக்கு நான் திருநீறில்லாமல் போன நாள் இல்லை. 'சிலிண்டர் சரியாகக் கழுவப்படவில்லை' என்று எழுதி எத்தனை என்ஜின்களைத் திருப்பியிருக்கிறேன். ஒரு தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதமே கொடுத்தேன். அவர் கடைசிவரை "கழுவினனான், சேர்" என்பதை மட்டும்தான் சொன்னார். அவரும் திருநீறு பூசுகிறவர்தான். என் நெற்றியைப் பற்றிச் சொல்ல அவரைத் தடுத்தது சாமியல்ல, என் கையெழுத்து.

கராஜ்காரர் பிஸ்டனைக் கையில் எடுத்தார்.

"இறக்கட்டோ, சேர்?"

"உங்களுக்குச் சரியெண்டால் இறக்குங்கோ" என்றேன், எட்ட இருந்தபடியே.