சந்தேகத்தின் பலன்

"மூலம் எங்க? யாரு ஒப்பிட்டுப் பாத்தது?" சாப்பாட்டு வேளையில் போனில் வந்த செய்தியை யாராவது வாசித்தால் புள்ளியக்கா கேட்பது இதைத்தான். வாசித்தவர் போனைக் கவிழ்த்து வைப்பார். "அப்ப அது காத்துவாக்குல வந்தது. பேசாம சாப்பிடுங்க" என்று டப்பாவைத் திறப்பாள்.

நீதிமன்ற நகல் பிரிவில் இருபத்திரண்டு வருடம். மூலத் தீர்ப்பையும் நகலையும் அருகருகே வைத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை நகர்த்தியபடி படிப்பாள். தாள் பறக்குமென்று மின்விசிறியைப் போட விடமாட்டாள். மற்றவர்கள் வியர்த்து வழிந்தபடி அவளைத் திட்டுவார்கள். விடுபட்ட ஒரு புள்ளியையும் மோப்பம் பிடிப்பதால் வந்த பெயர்தான் புள்ளியக்கா. நகலின் அடியில் 'ஒப்பிட்டவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருந்தால் அதற்கு அப்பீல் இல்லை.

காற்றுவாக்குச் செய்தி ஒருநாள் அவள் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. தம்பி பள்ளி வேன் ஓட்டுநர். குடித்துவிட்டு ஓட்டினான் என்று வழக்கு, படத்தோடு இணையத்தில் செய்தி. இரண்டு வருடம் கழித்து விடுதலை. அதை ஒருவரும் போடவில்லை. பெயரைத் தட்டினால் இன்றும் பழைய படம்தான் வருகிறது. தினமும் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறான்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு, தம்பிக்கு வேலை கேட்டு அவளே ஒரு பள்ளிக்குப் போனாள். மேலாளர் அந்தப் பழைய படம் தெரிய தன் போனை நீட்டினார்.

"சார், அது செய்தி. இது தீர்ப்பு. முத்திரை பாருங்க."

அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். 'சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலை.'

"இதுலயே சந்தேகம்னு போட்டிருக்கேம்மா."

"அது வழக்கமா எழுதற வாசகம் சார். குற்றத்த நிரூபிக்க முடியலன்னு அர்த்தம்."

"கோர்ட்டுக்கே சந்தேகம். நான் புள்ளைங்கள எப்படி ஏத்தறது?"

ஆயிரம் தீர்ப்புகளில் அவள் கண் கடந்துபோன சொல் அது. இப்படியும் படிப்பார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தம்பியிடம், "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்று பொய் சொன்னாள்.

மறுவாரம் இன்னொரு பள்ளி. தம்பியும் கூடவே வந்து நின்றான். மேலாளர் அம்மாள் கை நீட்டியும் புள்ளியக்கா தாளைக் கொடுக்கவில்லை. தானே பிடித்துக் காட்டினாள். 'விடுதலை' தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய சொற்களின் மேல் அவளுடைய கட்டைவிரல் அழுத்தமாகப் பதிந்திருந்தது.