தலையணையில் குத்திய ஊக்கு

பேத்தியின் பள்ளிச் சட்டையில் கைக்குட்டையைக் குத்தினேன். ஊக்கு 'டக்'கென்று பூட்டியது. சின்ன வயதில் அல்சூர் வீட்டில் தினமும் கேட்ட சத்தம்.

தம்பி பிறக்கும்போது தோள் சிக்கிக்கொண்டது. இழுத்ததில் நரம்பு அடிபட்டு வலது கை துவண்டுவிட்டது. அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, சட்டைக்கையைத் தலையணையோடு ஊக்கால் குத்தி வைக்கச் சொன்னார் நர்ஸம்மா. குத்துவது என் வேலை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சட்டைக்கை கிழிந்து கிடந்தது.

"ரேஷன்ல அளந்து குடுத்த துணிடி! கிழிச்சிட்டியே!" அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நான் கிழிக்கலம்மா!" தம்பி பக்கத்தில் குப்புற விழுந்து அழுதேன். யாரோ என் பின்னலை இழுத்தார்கள். தம்பியின் வலது கை! முழங்கை மடங்கி, பின்னலை வாய்க்குக் கொண்டுபோனது.

மறுபடி ஓங்கிய கையால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "விடாதடா பங்காரு, என் தங்கமே, இன்னும் இழு!"

உயிர் போகிற வலி. தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன்.