ஐந்தரைக் கட்டை ராஜபார்ட்

கிராமபோன் முள் பிளேட்டில் இறங்கும்போது ஒரு கரகரப்பு கேட்குமே... கூடவே தோசைக்கல்லில் வெங்காயம் தீயும் வாசனை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ராயர் ஹோட்டலில் என் காலைப்பொழுது இப்படித்தான் தொடங்கும்.

ஐம்பதுகளின் நடுவில். எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் வாத்தியார், ஞாயிறானால் சர்ச்சில் ஹார்மோனியம்.

ராயர் தினமும் தவறாமல் போடும் பிளேட் ஒன்று உண்டு. ஒரு பெரிய நாடக நடிகர் பாடியது. பெயர் வேண்டாமே... எங்களுக்கு அவர் ராஜபார்ட், அவ்வளவுதான். என்ன குரல்! ஐந்தரைக் கட்டை சுருதி. ஹார்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்திக் கூடவே பாடிப் பார்த்தால் நம் தொண்டை கிழிந்துவிடும். அவர் அங்கே சாவகாசமாக உலாவுவார்.

அந்த வருஷம் தேர்த் திருவிழாவுக்கு, சினிமா வந்த பிறகு ஊரே மறந்துபோன பழைய பாட்டு நாடகத்தைத் திரும்பப் போடுவதென்று கமிட்டி முடிவு செய்தது. தலைவர் நாராயணப்பா, ராகி விளைவிக்கிற பெரிய விவசாயி. ராஜா வேஷத்துக்கு அந்தப் பிளேட் ராஜபார்ட்டே வரவேண்டும், வேறு ஆளைப் போட்டால் நான் கமிட்டியிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார். மற்ற வேஷமெல்லாம் உள்ளூர். ஹார்மோனியம் நான். புராணக் கதைக்கு வாசிக்கலாமா என்று சர்ச்சில் ஃபாதரைக் கேட்டேன். கதையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீ பாட்டைப் பார் என்றார்.

கடிதம் போட்டோம். வருகிறேன் என்று பதிலும் வந்தது.

சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒல்லி உடம்பு, வழுக்கை, முன்பல் ஒன்று இல்லை. பழைய நோட்டீசில் நாங்கள் பார்த்ததெல்லாம் கிரீடமும் மீசையும்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஊரில் யாரையோ கூட்டிவந்து பெரிய நடிகர் என்று ஏமாற்றிய கதை வேறு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. நாராயணப்பா அன்றே உஷாராகிவிட்டார்.

எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் மைசூர் ராஜ்யம், கடை திறந்திருக்கும். நடிகர் எப்படியும் அங்கே நழுவுவார் என்று ரோட்டில் ஒரு ஆளை நிறுத்தி வைத்தார்கள். அவரோ சத்திரத்தை விட்டு அசையவில்லை. மிளகு போட்ட வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதுவும் சந்தேகமாகிப் போனது. இவ்வளவு பெரிய நடிகர் குடிக்காமல் இருப்பாரா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார்.

மறுநாள் காலை ஒத்திகை. நான் ஐந்தரையில் சுருதி பிடித்தேன். நாலரைக்கு இறங்கச் சொன்னார். பாடினார்... பொய் சொல்லக்கூடாது, சுத்தமான பாட்டு. ஆனால் குரல் கனமாக, நிதானமாக இருந்தது. வயதானால் சுருதி இறங்கும், அது எனக்கும் தெரியும். இங்கே குரலின் குணமே வேறாக இருந்தது.

நாராயணப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, பிளேட்டில் பாடியவர் இவர் இல்லை என்றேன்.

கன்னடக்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவது போலத்தான் அவர் என்னைக் கூப்பிடுவார். "மேஷ்ட்ரே, உங்க காதை நம்பி சாயங்கால பஸ்ஸுக்கு அனுப்பிருவேன். அப்பறம் எந்த ஊர்லயும் அந்த மனுசன மேடையேத்த மாட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. அனுப்பிவிடுங்கள் என்றேன். அந்த வயதில் என் காது மேல் எனக்கு அத்தனை திமிர்.

முகத்துக்கு நேரே சொல்ல நாராயணப்பாவுக்கு வாய் வரவில்லை. காபி சாப்பிடலாம் என்று ராயர் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். பிளேட்டைப் போட்டால் ஆள் முழிக்கிற முழியிலேயே தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

முள் இறங்கியது. நடிகர் டம்ளரை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நாங்கள் நாலு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல எழுந்து மெஷினிடம் போனார். பிளேட் சுற்றும் தட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதைப் பின்னால் தள்ளினார்.

பாட்டு வழுக்கிக்கொண்டு இறங்கி... நாலரையில் வந்து நின்றது. காலையில் ஒத்திகையில் கேட்ட அதே குரல்.

ராயர் தலையைச் சொறிந்தார். ஸ்பிரிங் வீக்காம். பாட்டு முடிவதற்குள் இழுக்க ஆரம்பித்துவிடுமாம். அதனால் வாங்கிய நாளிலிருந்தே வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் ஓட்டினாராம். ஏழு வருஷம்!

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. காபி எதற்கு என்று நடிகருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னார்.

"காது சரியாத்தான் இருக்கு தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நாடகம் நடந்தது. நாலரையிலேயே வாசித்தேன். காட்டுக்குப் போகும் பாட்டுக்கு நாராயணப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிளேட் மாதிரி இல்லையே என்று பின்னால் சிலர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அவரைப் பஸ் ஏற்றிவிடும்போது மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பஸ் போய்விட்டது.

அடுத்த வாரம் ஹோட்டலுக்குப் போனால் கம்பி பழைய இடத்தில் இருக்கிறது! ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கிறது ஸ்வாமி என்றார் ராயர். நான் எழுந்து தள்ளியிருக்கலாம்... காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. எனக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேலையில் இருக்கும் பேரன் போன மாதம் அந்தப் பாட்டைப் போனில் தேடி எடுத்தான். யாரோ சரியான வேகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சுத்தமான நாலரை.

கேட்டதும் முதலில் என் மனதில் என்ன வந்தது தெரியுமா... 'இது அவர் இல்லை.'

வேகம் கூட்டலாம் தாத்தா என்று பேரன் கூட்டிக் காட்டினான். வார்த்தைகள் ஓடின, சுருதி மட்டும் அசையவில்லை. இந்தக் காலத்துப் போன் அப்படித்தானாம். ராயர் ஹோட்டலில் நான் கேட்ட அந்த மனுஷர் இனி எந்த மெஷினிலும் வரமாட்டார்.

பழையபடியே வை என்றேன். நாலரையில், பாட்டு முடியும்வரை உட்கார்ந்து கேட்டேன். சந்தேகம் போகவில்லை... ஆனாலும் கேட்டேன்.