ராட்சசனுக்கு வேலை கிடைத்தது

கதை நடத்துகிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்: வாரம் முழுக்க யோசித்து நாம் ஒரு பாதை போட்டு வைப்போம், வருகிறவர்கள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வயலில் இறங்கிவிடுவார்கள்.

எனக்கு இந்த வேலை தானாக வந்து மாட்டியது. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் ஐ.டி. கம்பெனிப் பெண்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்துவந்தேன். அவர்களில் நித்யா ஞாயிறு மதியங்களில் ஒரு விளையாட்டு நடத்துவாள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். சிக்கல் வரும்போது ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று அவரவர் சொல்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். நான் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பேன். நித்யாவைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியதும் மற்ற மூவரும் பகடையை என் கையில் திணித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். குக்கர் விசில் தாமதமானாலே படபடப்பு வந்துவிடும். “எனக்கு என்னம்மா தெரியும்?” என்றதற்குக் கவிதா சொன்னாள்: “பட்டாணி உரிச்சுட்டே நித்யாவோட கதையை எத்தனை தடவை திருத்துனீங்க? இப்ப நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி.”

வழி சொன்னவர்

காட்டைத் தாண்டி மலைக்கோட்டைக்குப் போய், சிறையிலிருக்கும் இளவரசியை மீட்க வேண்டும். இதுதான் என் கதை. காட்டுக்குள் பாம்பு, புதைகுழி எல்லாம் தயார். காட்டு முனையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் “இடது பக்கம் போங்க” என்பார். அதற்கு மேல் அவருக்கு வேலையில்லை.

கோயம்புத்தூர்க்காரி கவிதா அவரைப் பிடித்து மரத்தில் கட்டிவிட்டாள். யார் அனுப்பிய ஆள், ஏன் இடது பக்கம் என்று ஒரே விசாரணை. “பாவம்மா, சும்மா வழிதானே சொன்னார்” என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. பாம்பு சாயங்காலம் வரை காத்திருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் டீக்கடைக்காரரைக் கோட்டைக்காரனின் ஒற்றனாக மாற்றினேன். கவிதாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “பாத்தீங்களா ஆன்ட்டி, நான் அப்பவே சொன்னேனுங்க! மீட்டர் போடாத ஆட்டோக்காரர் மொகமே அவருக்கு.”

ஆற்றங்கரை ராட்சசன்

அடுத்த ஞாயிறு ஆற்றங்கரையில் ராட்சசனை நிறுத்தினேன். சண்டை கட்டாயம் என்று நினைத்திருந்தேன். வாணியம்பாடி ஃபர்ஸானா வாளை உறையில் போட்டுவிட்டு அவனிடமே கேட்டாள்: “எதுக்குப்பா ஆளுங்களைத் தின்றே?” ராட்சசனுக்காக நான்தானே பதில் சொல்ல வேண்டும்? “பசி” என்றேன். வேறென்ன சொல்ல?

“பக்கத்துக் கிராமத்துக்கு ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்ல. நீ வா, மூணு வேளையும் சோறு” என்று பகடையை உருட்டினாள். பெரிய எண்ணாக விழுந்து தொலைத்தது. ராட்சசனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் யூனியன்காரரான என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: “நக்கோ நக்கோ, உடனே கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லு. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டான்னு மொதல்ல கேக்கச் சொல்லு.”

பின்னால் நிற்பவள்

எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பாளையங்கோட்டைப் பெண். கதையில் அவள் வில் வீராங்கனை. ஆனால் எந்தச் சிக்கல் வந்தாலும் “நான் பின்னாடி நிக்கேன்” என்பாள். கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. அவளை ஏற்றிப்போகும் கம்பெனி வண்டி வருவது நின்றிருந்தது. “பஸ்ல போறேன் ஆன்ட்டி” என்று வழக்கமான நேரத்துக்குப் பையோடு கிளம்புவாள். டிபன் டப்பா போன மாதிரியே திரும்பி வரும்.

ஒருநாள் காய்கறி வாங்கப் போனபோது, பார்க் பெஞ்சில் ஸ்டெல்லா பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவள் கண்ணில் படாமல் வேறு தெரு வழியாக வந்துவிட்டேன். கேட்கலாமா? கேட்டால் அறையைக் காலி செய்துவிட்டு எங்கேயாவது போய்விடுவாளோ? வீட்டுக்குப் போக மாட்டாள், அது மட்டும் தெரியும். அவளைக் கொண்டுவந்து விட்டபோது அவள் அப்பா பூரிப்போடு சொன்னது காதிலேயே நின்றது: “இவளுக்கு வேல கெடச்சதுக்கு சர்ச்சுல எல்லாருக்கும் பிரியாணி போட்டோம்மா.”

வந்த வழியே

அவளைப் பேசவைக்கத்தான் அந்த ஞாயிறு கோட்டை வாசலில் பொறி வைத்தேன். கவிதாவும் ஃபர்ஸானாவும் பிடிபட்டு உள்ளே கட்டுண்டு கிடக்கிறார்கள். முன்னால் யாருமில்லை, ஸ்டெல்லா இனி யார் பின்னால் நிற்பாள்? அம்பு விடுவாள், ஜெயிப்பாள், கொஞ்சம் தெம்பு வரும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். அவள் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: “நான் எங்க ஊருக்குத் திரும்பிப் போறேன் ஆன்ட்டி.”

“அடிப்பாவி, நாங்க உள்ள கெடக்கறோம்!” என்றாள் கவிதா. “வழியில வெள்ளம் வர வைங்க ஆன்ட்டி” என்று ஃபர்ஸானா என் காதைக் கடித்தாள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. வழியைத் திறந்துவிட்டேன். காவலுக்கு நின்ற ராட்சசன்கூட ஒரு சலாம் வைத்து விலகினான். “உன் வீட்டுக் கதவைத் தட்டுறே. அம்மா திறக்கிறாங்க. என்ன சொல்றே?” அவள் பகடையை உருட்டப் போனாள். “இதுக்குப் பகடை வேண்டாம்மா” என்றேன்.

“எம்மா,” என்றாள் ஸ்டெல்லா. “வேல போயிட்டும்மா.”

இப்போது அவள் அம்மாவுக்காக நான் பேச வேண்டும். எதுவும் யோசித்து வைக்கவில்லை. “உள்ள வா. சாப்பிட்டியா?” என்றேன். அதன் பிறகுதான் அழுதாள். கவிதா கோட்டையை மறந்து எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே ஸ்டெல்லா வீட்டுக்குப் போன் செய்தாள். பேசி முடிக்கும்வரை ஃபர்ஸானா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பாவே “மொதல்ல கெளம்பி வா” என்றாராம். ரயிலில் ஏற்றிவிடப் போனேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “அவங்க ரெண்டு பேரையும் அவுத்து விட்றாதீங்க ஆன்ட்டி. நான் வந்துதான் அவுப்பேன்.”

ஆகவே, கதை நடத்தி நொந்துபோன சக ஜீவன்களே, ராட்சசன்கூட வேலையில் சேர்ந்துவிட்ட என் கதையில், ஸ்டெல்லா புது வேலையோடு திரும்பி வந்து அவிழ்க்கும்வரை கவிதாவும் ஃபர்ஸானாவும் கோட்டைக்குள்ளேயே கிடந்து, கட்டிய கையோடு ஞாயிறுதோறும் என் பட்டாணியை உரித்துக் கொடுத்தார்கள்.