விழுந்தால் தெரியும்

துபாயில் இருக்கும் என் மகன் மேலகரத்தில் கட்டிய பெரிய வீட்டில், வெளியே தெரியாமல் கேமரா பொருத்த வந்தவர் அவர். சாரலில் நனைந்த சட்டை, காதோரம் நரை. தேக்கு உத்தரத்தில் செதுக்கிய தாமரைக்குள்ளும் சுவர் விளக்குக்குள்ளும் ஒளித்துவைத்தார். ஒவ்வொன்றையும் பொருத்தியதும் கீழே நின்று, தலைமுடியைக் கோதி, அதைப் பார்த்துச் சிரிப்பார். முகம் தெளிவாக விழுகிறதா என்று செல்போனில் பார்ப்பதற்காம்.

எட்டு முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். ஆறு வீட்டுக்குள்ளேயே திரும்பியிருந்தன.

“கள்ளன் உள்ளுக்கா இருக்கான், தம்பி?”

“இது உங்களுக்கு, அண்ணாச்சி. நீங்க விழுந்தா துபாய்ல சாருக்கு உடனே மெசேஜ் போவும்லா.”

“சும்மா உக்காந்திருந்தா?”

“அதுக்கெல்லாம் போவாது.”

ஒன்பதாவதைப் பொருத்திவிட்டு அவர் சிரிக்கவில்லை.

இப்போது அவர் நின்ற இடங்களில் நின்று நானும் சிரித்துப் பார்க்கிறேன். இன்னும் விழவில்லை. மகனிடமிருந்து போனும் இல்லை.