பாஸ் ஆச்சா?

ஆங்கிலத் தாளில் நான் தோற்றவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஓர் ஆங்கில வார்த்தையைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று பிறகு யாராவது கேட்பார்கள். அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தேன். மற்ற தாள்கள் எல்லாம் எப்படியோ தேறிவிட்டன. ஆங்கிலம் மட்டும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாள் முழுக்க நான் சொல்வதே ஓர் ஆங்கில வார்த்தைதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். லைனில் வருகிற ஜோடியை எடுத்து, தையல் ஓடியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, வலதுக்கும் இடதுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து 'பாஸ்' என்றால் அது பெட்டிக்குப் போகும். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வராமல் ஒரு ஜோடியும் கம்பெனியை விட்டு வெளியே போகாது. நானும் அப்படித்தான். இடையில் வெளியே போக வேண்டுமென்றால் அவுட் பாஸ் வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் சூப்பர்வைசரையும் நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பாஸ் போட்டால்தான் பாஸ்.

அப்பாவுக்கு வயிற்றுவலி வந்து துடிக்கிறார் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்த மத்தியானம், பாஸ் மீட்டிங்கில் இருந்தார். நான் கேட்டுக்குப் போய் நின்றேன். செக்யூரிட்டி அண்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் வேலை போகக் கூடாதே. "பாஸ் எங்கம்மா?" என்றார். என் அப்பா அங்கே சுருண்டு கிடக்கிறார், இவர் ஒரு துண்டுச் சீட்டைக் கேட்கிறார். வந்த ஆத்திரத்தில் கேட்டைத் தாண்டிக் குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் பாஸே மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடவே தன் வண்டியில் எங்கள் ஊரான மாதனூர் வரை கொண்டுவந்தும் விட்டார். அன்றிலிருந்து அவரைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். அங்கே வார்டு வாசலிலும் ஒரு செக்யூரிட்டி. "பாஸ் எங்கம்மா?" நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம், அதற்கு ஒரு பாஸ். கம்பெனியில் வெளியே போக, இங்கே உள்ளே போக. அம்மாவும் வேறொரு ஷூ கம்பெனியில் தையலில் இருக்கிறாள். ஆர்டர் அவசரம் என்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பகலில் நான், ஷிப்ட் முடிந்து வந்ததும் அம்மா என்று அந்த ஒரு பாஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வெட்டிச் சேர்த்த குடல் உடனே வேலை செய்யாதாம். கொஞ்சம் தூங்கி எழுந்துதான் செய்யும். அது எழுந்துகொண்டதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ். "கேஸ் பாஸ் ஆகணும். ஆகலேன்னா மறுபடி திறந்து பார்க்கற மாதிரி வரும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சிஸ்டர் எனக்கு விளக்கினார். மறுபடியும் திறப்பதா? என்ன, டிபன் பாக்ஸா?

அந்த வார்டில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். வடக்கிலிருந்து படிக்க வந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டே எல்லோரிடமும் பேசிவிடுவார். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி குத்தும்போது, வலி தெரியாமல் இருக்க அப்பாவிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாராம். போதாதா? மகள் ஷூ கம்பெனியில் செக்கர், வேலைக்குப் போய்க்கொண்டே பி.ஏ. படிக்கிறாள், இங்கிலீஷ் மட்டும் பாக்கி, எழுதியிருக்கிறாள், இந்த வாரம் ரிசல்ட் என்று அப்பா அந்த வலியிலும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்.

காலையில் டாக்டர்கள் சுற்றி வரும் நேரத்தில் கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கதவு திறந்ததும் ஓடிப்போய் சிஸ்டரைக் கேட்பேன். "இன்னும் பாஸ் ஆகலைன்னு உங்க அப்பா சொல்றார்" என்பார். அடுத்த நாளும் அதே பதில். வயிற்றில் சத்தம் கேட்கிறது, ஆனால் பாஸ் ஆகவில்லை என்கிறாரே என்று சிஸ்டருக்கே குழப்பம். அப்பாவிடம் நானே கேட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் மழை, கடலைச் செடி, கம்பெனி பஸ் பற்றியெல்லாம் பேசுவோம். காற்றுப் பிரிவதைப் பற்றிப் பேச மாட்டோம். அவருக்கும் குழாய் தொண்டையில் உரசியதால் பேச்சு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைதான். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் குழந்தை மாதிரி அதைச் சப்பப் பார்ப்பார். சாயங்காலம் வரும் அம்மாவிடம் இன்னும் ஆகவில்லை என்று நான் சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியிலேயே சொன்ன பிறகு, அப்பாவைத் தனியாகக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

இந்த அமளியில் ஒரு சாயங்காலம் ரிசல்ட் வந்தது. அதே படிக்கட்டில் நின்று போனில் பார்த்தேன். இரண்டு மார்க்கில் போயிருந்தது. ஒரே வார்த்தையை வேறு வேறு பொருளில் வைத்து வாக்கியம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த வார்த்தை மட்டும் 'பாஸ்' என்று வந்திருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு மார்க் என்றேன். குளுக்கோஸ் ஏறாத கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான். எனக்கு என் பரீட்சை பெரிதாகத் தெரியவில்லை. காலையில் பெரிய டாக்டர் வருகிறார், ஸ்கேன் எடுத்து மறுபடி ஆபரேஷன் செய்வதா என்று முடிவெடுப்பார், கையெழுத்துப் போட நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அன்று எனக்கு வேண்டியிருந்த பாஸ் வேறு.

காலையில் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். பெரிய டாக்டர், அவர் பின்னால் நாலைந்து பேர். இளம் டாக்டர் குனிந்து, சிரித்த முகமாக வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, பாஸ் ஆச்சா?"

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. குழாயோடு சிரமப்பட்டுச் சொன்னார்.

"இல்லீங்க சார். ரெண்டு மார்க்ல போச்சு. அடுத்த தடவ எழுதிடுவா. நீங்க கவலப்படாதீங்க."

இளம் டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவும் மகளும் பேசக் கூடாத பேச்சை, பெரிய டாக்டருக்கு முன்னால், வார்டே கேட்கும்படி நான் கேட்டேன்.

"ப்பா, காத்து பிரிஞ்சுதாப்பா?"

அப்பா வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அதுவா? அது முந்தாநாள்லேர்ந்தே போய்க்கினுதான் இருக்குது. அதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?"

சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். விஷயத்தை அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் தையலோடு இருந்தவர், சிரிக்க வைக்காதீங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார். இளம் டாக்டருக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சாரி, சாரி என்றார். அப்பா என்ன ஏது என்று புரியாமலே, பரவால்லீங்க சார், சின்னப் பொண்ணு, எழுதிடுவா என்றார்.

பெரிய டாக்டர் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் குழாயை எடுத்துவிட்டார்கள். ஸ்பூனில் முதல் வாய்த் தண்ணீரை நான்தான் கொடுத்தேன். அவர் விழுங்குவதைத் தொண்டையில் பார்த்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

"பாஸ் ஆனாத்தான் தண்ணின்னு சிஸ்டர் தினமும் சொன்னாங்களே. அப்பவும் புரியலையாப்பா?"

அப்பா ஸ்பூனைப் பார்த்தபடி சொன்னார். "மொதல்ல, நீ பாஸ் ஆனாத்தான் எனக்குத் தண்ணின்னு கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம், சரி, உனக்காக ஒரு வேண்டுதல் மாதிரி இருந்துட்டுப் போவட்டும்னு தாங்கிக்கினேன்."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன? உதடு வெடித்துக் கிடந்த மனிதர், தண்ணீர் கேட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. என் இங்கிலீஷுக்காக இவர் இப்படி ஒரு விரதம் இருந்திருக்கிறார், நான் ஒரு கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த தடவைக்குப் படித்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது படித்தேன், வரும்போது படித்தேன். பள்ளிகொண்டாவில் ஏறும் தோழி வினா கேட்பாள். ஒரு வார்த்தைக்கு எத்தனை பொருள் இருக்க முடியுமோ அத்தனையும் கேட்டுவைத்துக்கொண்டேன். எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதிவிட்டு வந்தேன்.

ரிசல்ட் வந்தபோது கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பார்த்துவிட்டு உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். கொல்லையில் கடலைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா, பாஸ் ஆச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அப்புறம் அப்பாவின் குரல் வந்தது.

"லைன்லயே இரு. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்."

குழாயடியில் கையேந்தி அவர் மடக் மடக் என்று குடிக்கும் சத்தத்தை, காதோடு போனை அழுத்திப் பிடித்து, முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.